வருகிற ஒன்றாம் தேதிக்காரர்

வருகிற ஒன்றாம் தேதிக்காரர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. மாதச் சம்பளம் வாங்கும் ஊர்களிலெல்லாம் இவர் இருப்பார். ஏலக்காயை எடை போட்டுப் பிழைக்கும் எங்கள் போடியில் சற்று அதிகமாகவே இருப்பார். இவரைச் செலவாளி என்று நினைத்துவிடாதீர்கள். சீட்டாட மாட்டார், குடிக்க மாட்டார், காப்பிக் கடையில் இரண்டாவது வடைக்குக் கை நீட்டும்போதுகூட ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எடுப்பார். மாதாமாதம் பணம் சேர்க்க வேண்டும் என்பதில் இவருக்கு இருக்கும் பக்தி, நிஜமாகவே பணம் சேர்ப்பவனுக்குக்கூட இருக்காது. அவன் பேசாமல் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறான். அதைப் பற்றிச் சிந்திப்பதும் பேசுவதும் ஊருக்கு எடுத்துச் சொல்வதும் இவர்தானே?

இருபதாம் தேதி வாக்கில் இவரைப் பாருங்கள். சட்டைப்பையில் சில்லறை மட்டும் குலுங்கும் அந்த நாட்களில்தான் ஞானம் பிறக்கும். பஸ் டிக்கட்டின் பின்புறம், கல்யாணப் பத்திரிகையின் ஓரம், எங்கே வெள்ளையாக இடம் கிடைத்தாலும் கணக்கு ஓடும். மாதம் ஐந்து, வருஷம் அறுபது, பத்து வருஷத்தில் அறுநூறு, வட்டியும் சேர்த்தால், சேர்க்காமல் விடுவாரா, எண்ணூறு. அந்த எண்ணூறில் சிலமலைப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கி, கிணறு வெட்டி, கிணற்றில் தண்ணீர் பற்றாது என்று மனைவியோடு சண்டையும் போட்டு முடிப்பார். ஆரம்பிப்பது எப்போது? வருகிற ஒன்றாம் தேதி.

இன்றைக்கே ஒரு ரூபாயை எடுத்து வைத்தால் ஆகாதா? கேட்டுப் பாருங்கள். பந்தியில் பாயசத்துக்குப் பிறகு சாம்பார் கேட்கிறவனைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்ப்பார்.

ஜேசுதாசை எடுத்துக்கொள்ளுங்கள். கமருதீன் ராவுத்தரின் ஏலக்காய்க் கடையில் பதினெட்டு வருஷமாகக் காய் பார்க்கிறவர். மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கியதும் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒரு காயை நகத்தால் கீறி முகர்ந்து, இது எந்தத் தோட்டம், சரியாக உலர்ந்ததா, புகை பட்டதா என்று சொல்லிவிடுவார். அவர் சொன்ன விலைக்கு மேல் ராவுத்தர் ஒரு காசு ஏற மாட்டார். சம்பளம் எழுபது ரூபாய். மகள் தேவகிருபை பள்ளிப் படிப்பை முடிக்கிற வருஷம் அது. ஜூன் மாதம் மதுரைக்குப் போய் ஆசிரியைப் பயிற்சியில் சேர வேண்டும். விடுதிக்கு முன்பணம், பெட்டி, படுக்கை, வெள்ளைச் சேலை இரண்டு, எல்லாம் சேர்த்து எண்பது ரூபாய். பணம் இல்லையென்றால் ராவுத்தர் கடை முற்றத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, முறத்தில் காய் பொறுக்க வேண்டியதுதான். ஜேசுதாசுக்கு இது தெரியும். நன்றாகவே தெரியும். அதனால்தான் 1957 பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே தயாராகிவிட்டார்.

தயாராவது என்றால் என்ன? இந்த இனத்தில் சேமிப்பு எப்போதும் ஒரு செலவில்தான் தொடங்கும். பூட்டு வைத்த தகரப் பெட்டி மூன்று ரூபாய். சிவப்பு அட்டை போட்ட நோட்டு ஆறணா. நோட்டில் கோணலில்லாமல் கோடு போட ஓர் அடிக்கோல், இரண்டணா. ஜனவரிக்கென்று ஒதுக்கிய ஐந்து ரூபாயில் மிஞ்சியது ஒன்றரை. முதல் வரியிலேயே ஒன்றரை என்று எழுதுவது அந்த நோட்டுக்கு மரியாதையாகப் படவில்லை. பிப்ரவரிக்குத் தள்ளினார். பிப்ரவரியோ இருபத்தெட்டு நாள் மாதம். குறை மாதத்தில் தொடங்கினால் சேமிப்பும் குறையாகவே போகும் என்று தோன்றியது. மார்ச்சில் வந்ததுதான் நியாயமான தடை. ஏப்ரல் முதல் அணா போய் நயா பைசா வருகிறது என்று அறிவித்துவிட்டார்கள்.

"போகப்போற காசை எவனாவது பெட்டியில வச்சுப் பூட்டுவானா, பாக்கியம்?" என்று மனைவி ஜெயபாக்கியத்தைக் கேட்டார்.

"நீங்க ரூபாத் தாளாத்தான வைக்கப்போறீங்க. ரூபா எங்கயும் போகலையே."

"உனக்கு விவரம் பத்தாது. புதுக்காசு வரட்டும். சுத்தமா ஆரம்பிப்போம்."

புதுக்காசும் வந்தது. ஓரணாவுக்கு ஆறு நயா பைசா. ஆனால் பதினாறு அணாவுக்குத் தொண்ணூற்றாறு இல்லை, நூறு. இடையில் அந்த நாலு பைசா யார் மடிக்குப் போகிறது என்று தெரியாமல் ஒரு மனிதர் எப்படி நிம்மதியாகச் சேமிப்பார்? அதை ஆராய்வதில் ஏப்ரல் போயிற்று.

மே ஒன்றாம் தேதி, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஜேசுதாஸ் சேமித்தார். அதுவும் ஐந்து இல்லை, இருபது ரூபாய். ஆனால் பணமாக இல்லை. பெட்டியில் கிடக்கிற பணம் தூங்குகிற பணம் என்று அவருக்குப் பட்டது. மலையில் அப்போது காய்ப்பு இல்லை. ஜூனில் விலை ஏறும் என்று பதினெட்டு வருஷத்து மூக்கு சொல்லிற்று. ராவுத்தரிடமே இருபது ரூபாய்க்கு முதல் தரக் காயாகப் பொறுக்கி வாங்கி, துணிப்பையில் கட்டி, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். சிவப்பு நோட்டின் முதல் வரியும் எழுதப்பட்டது.

இதில் அவர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. நாள் முழுக்க ஏலக்காய்க்குள் நிற்கிறவருக்கு வீட்டில் அந்த வாசனை ஏறாது. தெருவுக்கு ஏறும். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பணத்தைப் பதுக்கியிருக்கிறார்கள். நாலு வீடு தள்ளி மணக்கிற பணத்தைப் பதுக்கியவர் ஜேசுதாஸ் ஒருவராகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

"மருமகன் தேவாரத்திலருந்து வந்திருக்காப்லண்ணே. பாயசத்துக்கு ஒரு நாலு காய் குடுங்க."

"காயா? வீட்டுல ஏதும்மா காயி?"

"வாசல்ல நின்னாலே தும்மல் வருது. இல்லேங்கிறீகளே."

இல்லையென்று எப்படிச் சொல்வது? கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. "இது சாதாக் காய் இல்ல ஆத்தா. பச்சை மாறாம உலர்ந்த காயி. நாலு பாயசத்துக்குப் பத்தாது, எட்டா வச்சுக்க," என்று காயின் பெருமைக்காக மேலும் நாலு கொடுத்தார். பிறகு ஒரு கல்யாண வீடு. பிறகு இருமல்காரர் ஒருவர். பிறகு கடையில் எடை போடும் கன்னையன், மாமனார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று. வந்தவர்கள் யாரும் சும்மா திரும்பவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பிடி காயும், மாதாமாதம் சேமிப்பதன் அவசியத்தைப் பற்றிக் கால்மணி நேரப் பேச்சும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

ஜூன் வந்தது. விலை ஏறியதா? ஏறியது. அவர் சொன்னதற்கு மேலேயே ஏறியது. பெட்டியில் அப்போது இருந்தது ஒரு தேநீர்க் கடைக்கு இரண்டு நாள் தாங்கும்.

ஜெயபாக்கியம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஜேசுதாஸ் சமாளித்திருப்பார். "நாளைக்குக் கிருபையைக் கடைக்குக் கூட்டியாறேன். முற்றத்துல ஒரு இடம் சொல்லி வைங்க. வெரசா பழகிக்குவா," என்று மட்டும் சொன்னார். கிருபை தலை நிமிராமல் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் ஒரு மூட்டையை இரண்டு தடவை முகர்ந்தும் ஜேசுதாசுக்கு அது எந்தத் தோட்டம் என்று சொல்ல வரவில்லை. மூன்றாம் தடவை குனிந்தபோது ராவுத்தர் பார்த்துவிட்டார்.

"என்னப்பா, மூக்கை வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?"

ஜேசுதாஸ் விஷயத்தைச் சொன்னார்.

"எண்பதுதான? வாங்கிட்டுப் போ. மாசம் பத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் சம்பளம் குடுப்பேன். அப்புறம் வந்து முனகக் கூடாது."

கிருபை மதுரை ரயில் ஏறினாள். ஜூலை ஒன்றாம் தேதி ஜேசுதாசின் கைக்கு அறுபது வந்தது. வீட்டில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பு எரிந்தது, ஞாயிற்றுக்கிழமை கறியும் வெந்தது, கொஞ்சம் எலும்பு கூடுதலாக. ஆறு மாதமாக ஐந்து ரூபாய் ஒதுக்க முடியாத குடும்பத்தில், கைக்கு வருவதற்கு முன்பே பத்து ரூபாய் கழிந்துகொண்டிருந்தது. கைக்கு வராத பத்தை யாரும் தேடவும் இல்லை. இது ஜேசுதாசின் கண்ணில் பட்டதா? அவருக்கு அதற்கு நேரம் ஏது? இந்த இனத்துக்கே கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த காரணம் அல்லவா அவருக்குக் கிடைத்துவிட்டது? "கடன் இருக்கிற மனுசன் சேமிக்கலாமாப்பா?" என்று கன்னையனிடம் நிம்மதியாகச் சொல்லித் திரிந்தார்.

பட்டது ஜெயபாக்கியத்தின் கண்ணில். 1958 பிப்ரவரி ஒன்றாம் தேதியோடு எட்டாவது பத்தும் கழிந்தது. மறுநாள், ஜேசுதாஸ் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிக்குள் காய் பார்க்கப் போயிருந்த நேரம், ஜெயபாக்கியம் கடைக்கு வந்தார்.

"முதலாளி, கடன் தீர்ந்துபோச்சு இல்ல?"

"தீர்ந்துபோச்சு தாயி. அடுத்த மாசம் எழுபதும் வரும்."

"வர வேணாம்."

ராவுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"தீர்ந்ததை அவுககிட்டச் சொல்லாதீக. மாசாமாசம் பிடிச்சுக்கிட்டே இருங்க. கிருபைக்கு வர்ற ஜூன்ல நாப்பது கட்டணும்."

"அவன் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"கேட்டா நெசத்தையே சொல்லிருங்க. அவுக கேக்க மாட்டாக."

ராவுத்தருக்குச் சிரிப்பு வந்தது. "நீ காய் பார்க்க வந்திருக்கணும் தாயி," என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஜேசுதாஸ் கேட்கவில்லை. போன மாதங்களை எண்ணும் வழக்கம் அவருக்கு இல்லை. அவர் எண்ணுவதெல்லாம் வரப்போகிறவற்றை. ஜூனில் ராவுத்தரிடமிருந்து நாற்பது ரூபாய் வாங்கி வந்து கிருபைக்கு அனுப்பினார் ஜெயபாக்கியம். ஜேசுதாஸ் உருகிப்போனார். "பழசே இன்னும் தீரல. அதுக்கு மேல நாப்பது குடுத்திருக்காரு பாருய்யா, அவரு மனுசன்," என்று கன்னையனிடம் சொன்னார். முதலாளியின் கடன் முழுவதும் தீர்ந்த மறு மாதம், ஒன்றாம் தேதியிலிருந்து, மாதம் பத்தாகவே சேமிக்கப் போவதாகவும் சொன்னார். கடைசியாக எனக்குத் தெரிந்தவரை அந்தக் கடன் தீரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு பழைய பாக்கி, ஒரு சீட்டுத் தவணை, நகைக்கடைக்காரருக்கு ஏதோ கொஞ்சம் என்று எப்போது தொடங்கியது என்றே நினைவில்லாமல் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறதா? அப்படி ஏதாவது இருந்தால், தயவுசெய்து வீட்டில் யாரிடமும் விசாரிக்காதீர்கள். உங்களிடம் பொய் சொல்ல அவர்களுக்கு மனம் வராது.