நிக்காஹ் நாளில் கழற்றிய சீட்டு உறை

மருதமுனையில் இருந்து நிந்தவூர் வரை ஓடிய வாடகைக் கார்க்காரர்களில், ஊரே அண்ணன் முறையில் கூப்பிடுகிற கிறீச் காக்காவைப் போல் மனிதரின் பொறுமையைச் சோதித்தவர் எவரும் பிறக்கவில்லை. இனிப் பிறந்தாலும் நமக்குத் தாங்காது. காரில் எங்காவது ‘கிறீச்’ என்றால் போதும், மனிசன் ரோட்டோரம் நிறுத்திவிடுவார். சத்தத்தைப் பிடித்த பிறகுதான் பயணம். ஒருமுறை ஒரு ஹாஜியாரிடம், “சத்தம் உங்கட பல்செட்டில இரிந்துதான் வருது, கழட்டிப் பொக்கட்டில போடுங்க” என்றார். பாவம், ஹாஜியார் கல்முனை வரை பொக்கை வாயோடுதான் போனார்.

இந்த மனிசனின் காரில் என்னை நிக்காஹ்வுக்கு அனுப்பினார்களே எங்கள் வீட்டார், அவர்களை என்ன சொல்ல?

சுனாமி வந்து சில வருசம் போயிருந்தது. சண்டையும் முடிந்திருந்தது, ரோட்டோரத்து ஆமிக் காவல் சென்றி மட்டும் முடியவில்லை. பெண் வீடு நிந்தவூரில். பின்னேரம் அசர் தொழுத கையோடு நிக்காஹ். மாமனாரோ, எனக்கு முந்திப் பெண் பார்க்க வந்த ஒருவரை நேரம் பிந்தினார் என்று வாசல் படலையிலேயே திருப்பி அனுப்பியவர். எங்கள் ஆட்கள் வான் வண்டியில் முன்னால் போய்விட்டார்கள். நான் கோட்டும் தலைப்பாவுமாகக் காக்காவுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தேன்.

சாய்ந்தமருது தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னால் ‘கிறீச்’.

“இறங்குங்க மாப்புள.”

“காக்கா, அல்லாஹ்வுக்காக! நேரம் போகுது!”

“போகட்டும். இறங்குங்க.”

தலை சாய்க்கிற பகுதியைப் பிடுங்கி என் கையில் தந்தார். சீட்டின் முதுகுப் பக்கத்து அடியில் இருந்த கிளிப்பைக் கழற்றி, பிள்ளைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி உறையைக் கீழிருந்து மேலே சுருட்டினார். பாதியில் சிக்கியது. ஒரு இழுவை இழுத்தால் வருமே! இழுக்க மாட்டாராம். “கிழிஞ்சா நீங்க தைச்சுத் தருவீங்களா?” என்று என்னிடம் பாய்கிறார். மாப்பிள்ளை நான், என்னிடம்!

அதற்குள் சென்றியில் இருந்து ரெண்டு ஆமிக்காரர் ஓடி வந்தார்கள். ரோட்டோரம் சீட்டைப் பிரித்தால் சும்மா விடுவார்களா? “கை தூக்கு!” தூக்கினேன். கல்யாணக் கோட்டோடு ஆமிக்காரனுக்கு முன்னால் கை தூக்கி நின்ற மாப்பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். காக்கா தூக்கினாரா? எங்கே! “மாத்தயா, இதக் கொஞ்சம் புடிங்க” என்று உறையின் ஒரு பக்கத்தை ஒருவனிடம் நீட்டினார். அவனும் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுப் பிடித்தான்!

உள்ளே ஒரு கம்பி இரும்புச் சட்டத்தோடு உரசிக்கொண்டிருந்தது. சுற்றுவதற்குத் துணி வேண்டுமாம். என் பொக்கட்டில் இருந்த அத்தர் பூசிய கைலேஞ்சியை, புதுக் கைக்குட்டையை, கேளாமலே உருவி, கிழித்துச் சுற்றினார். பிறகு உறையை மாட்டித் தடவித் தடவிச் சுருக்கம் எடுத்தார். சுருக்கம்!

போய்ச் சேரப் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. மாமனார் படலையில் நின்றார். 

“இப்பிடியே காரைத் திருப்புங்க” என்றார்.

நான் வாய் திறக்க முந்திக் காக்கா இறங்கி அவரிடமும் பாய்ந்தார்.

“என்னத்தத் திருப்புற? கடல் வந்த அண்டைக்கு, கால் முறிஞ்ச உங்கட மகள இந்தச் சீட்டிலதானே சாய்ச்சு அம்பாறைக்குக் கொண்டு போன? வழி நெடுக இதே சத்தம். புள்ள காதைப் பொத்திப் பொத்தி அழுதத நீங்களும் பாத்தீங்கதானே? அதுக்குப் பிறகு நான் அடக்கின சத்தம் இண்டைக்குத் திரும்பவும் வந்திட்டு. நாளைக்கு மாப்புளயோட ஏறக்குள்ள அந்தப் புள்ள அதையா கேக்கணும்?”

மாமனார் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

வழியில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பிறகு காக்காவோடு சண்டை பிடித்தேன். “மாப்புளக்கிட்டச் சொல்ற கதையா அது? நிக்காஹ் அண்டைக்கு நீங்க சந்தோசமா இரிக்க வேணாமா?” என்று அதற்கும் எனக்குத்தான் ஏச்சு.

அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. ஆனாலும் எங்கள் மூத்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மற்றக் கார்க்காரர் கூப்பிடக் கூப்பிட, கிறீச் காக்கா வரும் மட்டும் நான் பிள்ளையோடு வாசலிலேயே நின்றேன்.