பேராசிரியர் சோமசுந்தரம் லாகின் ஆகிறார்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, நெய்வேலியில் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரியைக் கண்டுபிடித்தது. இந்த வரிசையில் அடுத்ததாக வரலாறு பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நிகழ்ச்சி, அதே நெய்வேலியில் இருக்கிற சுடர்மணி கலை அறிவியல் கல்லூரியின் வணிகவியல் துறைத் தலைவர் பேராசிரியர் சோமசுந்தரம் கணினியைப் பார்த்தது. பார்த்தார் என்றுதான் சொல்லலாம். தொட்டார் என்று சொன்னால் அபாண்டம்.

கல்லூரியில் 'எண்ணியல் ஒருங்கிணைப்பாளர்' என்று, அதாவது டிஜிட்டல் வேலைகளுக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று முதல்வர் விஜயலட்சுமி கேட்டபோது, ஆசிரியர் கூட்டம் முழுக்கத் தரையில் எதையோ தொலைத்தது போலக் குனிந்துகொண்டது. அந்தப் பதவிக்கு ஏசி ரூம் உண்டு என்று முதல்வர் அடுத்த வாக்கியம் சொன்னார். சோமசுந்தரத்தின் தலை நிமிர்ந்தது. சித்திரை வெயிலும் சாம்பல் தூசியும் சேர்ந்து முகத்தில் அப்புகிற ஊரில் ஒரு மனிதருக்குத் தொழில்நுட்பத்தின் மேல் திடீர்க் காதல் வந்தால் அதில் என்ன தப்பு?

அன்றிலிருந்து ஆசிரியர்களும் அலுவலர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் 'இன்றைய தொழில்நுட்பக் குறிப்பு' வரத் தொடங்கியது. அடியில் கொட்டை எழுத்தில் பேராசிரியரின் பெயர். கல்லூரியையே அது தலைகீழாகப் புரட்டிப் போட்டது. 'முக்கியமான கோப்புகளை எப்போதும் இரண்டு இடங்களில் வைத்திருங்கள்' என்று ஒருநாள் வந்தது. மறுநாளே தாவரவியல் துறை மொத்தமும் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றது. ஒரு பிரதி துறை பீரோவுக்கு, இன்னொன்று வீட்டுப் பீரோவுக்கு. 'காகிதத்தை மிச்சப்படுத்த மின்னஞ்சல் அனுப்புங்கள்' என்று வந்தது. அலுவலகமே மின்னஞ்சல் அனுப்பியது. அனுப்பியதை அச்செடுத்துக்கொண்டு போய் முதல்வரிடம் 'பார்த்தேன்' என்று கையெழுத்தும் வாங்கியது.

'கடவுச்சொல்லை யாரும் ஊகிக்க முடியாதபடி வையுங்கள்' என்று வந்த நாளில்தான் கொஞ்சம் கலவரம். அதுவரை எல்லாருக்கும் அவரவர் குவார்ட்டர்ஸ் நம்பர்தான் கடவுச்சொல். யார் எந்த பிளாக்கில், எந்த நம்பரில் இருக்கிறார்கள் என்பது பால்காரரிலிருந்து பேப்பர் போடுகிறவர் வரைக்கும் மனப்பாடமாகத் தெரிந்த டவுன்ஷிப் இது. தன் குறிப்பைத் தானே படித்து அதிர்ந்துபோன சோமசுந்தரம், அன்றைக்கே தன் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார். வரப்போகிற சம்பந்தி வீட்டுக் குவார்ட்டர்ஸ் நம்பருக்கு.

யாரிடம் மாற்றச் சொன்னார்? அன்புக்கரசியிடம்.

அன்புக்கரசி அவர் துறையில் கான்ட்ராக்ட் ஆசிரியை. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். டாக்டர் பட்டம் வாங்கியவள்தான், இருந்தாலும் கான்ட்ராக்ட். மாப்பிள்ளை பார்க்கப் போனால்கூட 'பையன் பர்மனென்டா, கான்ட்ராக்ட்டா' என்று கேட்டுவிட்டுத்தான் பெயரையே கேட்கிற ஊர். கல்லூரி மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்ததா? கணினி அமைப்பில் பர்மனென்ட் ஆசிரியர்களுக்கு மட்டும்தான் சொந்த லாகின். 'பாதுகாப்புக் காரணங்களால்' கான்ட்ராக்ட்காரர்களுக்குக் கிடையாது. ஆனால் வருகைப் பதிவு ஏற்றுவது, மதிப்பெண் ஏற்றுவது, பாடத்திட்டம் ஏற்றுவது எல்லாம் கான்ட்ராக்ட்காரர்கள் வேலை. எப்படிச் செய்வார்கள்? பர்மனென்ட் ஒருவரின் கணக்குக்குள் நுழைந்துதான். கல்லூரியில் இதற்குக் 'குழு உணர்வு' என்று பெயர். ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பர்மனென்டுக்கும் இப்படி ஒரு கான்ட்ராக்ட் குழு உணர்வோடு இருந்தார். தொழில்நுட்பக் குறிப்புகளும் அதே குழு உணர்வில் எழுதப்பட்டவைதான்.

"இன்னைக்கு என்னம்மா குறிப்பு போட்டிருக்கேன்?" என்று ஏசி ரூமில் டீயை ஊதிக்கொண்டே கேட்பார் சோமசுந்தரம்.

"ஓடிபிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க சார். பிரின்சிபாலே கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு."

"பரவால்லையே, நல்லாத்தான் எழுதியிருக்கேன். யாருக்குமே சொல்லக் கூடாதா?"

"யாருக்குமேங்க சார்."

"கரெக்ட். இதோ வந்துடுச்சு பாரு, எழுதிக்கம்மா. நாலு, ஒம்போது, மறுபடியும் நாலு..."

அவர் ஓடிபி படிக்கிற அழகே தனி. வகுப்பில் வராத கணீர்க் குரல் அதற்கு மட்டும் வரும். வராந்தாவின் அந்தக் கோடியில் நின்று படித்தால் இந்தக் கோடியில் கணினி முன்னால் இருக்கிற அன்புக்கரசிக்குக் கேட்கும். நடுவில் இருக்கிற பி.காம். மூன்று வகுப்புகளுக்கும் கேட்கும்.

அவர் மகள் எழில்மதியின் கல்யாணம் வடலூரில் நடந்தது. அன்றைக்குத்தான் மதிப்பெண் ஏற்றக் கடைசி நாள். கல்லூரியே மண்டபத்தில் இருந்தது, அன்புக்கரசி மட்டும் கல்லூரியில் இருந்தாள். முகூர்த்த நேரத்தில் பேராசிரியரின் சட்டைப் பையில் போன் துடித்தது. ஒரு கையில் அட்சதை. இன்னொரு கையால் போனை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார்.

"என்னங்க இது, தாலி கட்டப் போறாங்க," என்றார் மனைவி பிரபாவதி.

"டிபார்ட்மென்ட் வேலைடி. நின்னு போயிடும்," என்று சொல்லிவிட்டு, கெட்டிமேளத்துக்கு மேல் குரலை ஏற்றி அன்புக்கரசிக்குப் போனில் ஆறு எண்களையும் சொல்லி முடித்தார். கடமை என்றால் இது கடமை. மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோனார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதிய அறிவிப்பு வந்தது. கான்ட்ராக்ட் ஆசிரியர்களை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை இனிமேல் அவரவர் 'எண்ணியல் செயல்பாடு' முடிவு செய்யும். கணினி அமைப்பில் யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று அமைப்பே கணக்கெடுத்துச் சொல்லிவிடும். மனிதத் தலையீடே கிடையாது. எவ்வளவு பெரிய நேர்மை.

அன்புக்கரசி ஏசி ரூமுக்கு வந்து நின்றாள்.

"சார், எம்பேர்ல ஒண்ணுமே இருக்காது. எல்லாம் உங்க கணக்குல இருக்கு. வேலை செஞ்சது இந்தப் பொண்ணுதான்னு அதுக்கு வைக்கிற மீட்டிங்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் சார்."

"அடடே, இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"வளையமாதேவில எங்க வூட்டுக்காரர் நெலம் சுரங்கத்துக்குப் போனதுலேருந்து வூட்டுக்கு வர்றது என் சம்பளம் மட்டுந்தாங்க சார். இந்த வருசம் தாண்டிட்டா பர்மனென்ட் லிஸ்ட்ல பேர் வரும்னு நெனச்சிக்கினு ஓட்டிக்கினு இருக்கேன். இப்ப நிறுத்திட்டாங்கன்னா அவ்ளோதான்."

சோமசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை, உண்மையாகவே கலங்கியது. இளகிய மனசு.

"நான் இருக்கேம்மா. எழுந்து நின்னு சொல்றேன். நீ தைரியமா போ," என்றார். அவள் கதவருகே போனதும், "அப்படியே நீ எழுதுன அந்தக் கருத்தரங்குக் கட்டுரையையும் என் பேர்ல ஏத்திட்டுப் போயிடு," என்றார்.

மீட்டிங் நாள் வந்தது. கருத்தரங்கக் கூடத்தில் பெரிய திரை. முதல்வர் பொத்தானை அழுத்தியதும் வண்ண வண்ணக் கம்பங்கள் எழுந்தன. சோமசுந்தரத்தின் பெயருக்கு நேரான கம்பம் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி மாதிரி நெடுநெடுவென்று மேலே போய்த் திரைக்குள் அடங்காமல் நின்றது.

"நம்ப முடியுதா?" என்று முதல்வர் தழுதழுத்தார். "சாரோட பொண்ணு கல்யாணத்தன்னைக்கு, சரியா முகூர்த்த நேரத்துல, ரெண்டு வகுப்புக்கு மார்க் ஏத்தியிருக்காரு. இப்படி ஒரு அர்ப்பணிப்ப நான் பார்த்ததே இல்ல."

அந்த முகூர்த்த நேரத்தில் அவர் மேடையில் நின்றதைக் கண்ணால் பார்த்து, பந்தியில் பாயசமும் குடித்துவிட்டு வந்தவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். 'எண்ணியல் செம்மல்' விருது அங்கேயே அறிவிக்கப்பட்டது. சால்வை தயாராக இருந்தது.

அடுத்து கான்ட்ராக்ட் பட்டியல். அன்புக்கரசி பெயருக்கு நேரே கம்பமே இல்லை. வெறும் தரை.

"என்னம்மா இது, ஒரு வருஷத்துல ஒரு தடவைகூட உள்ள போகலையா?" முதல்வர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"எனக்கு லாகினே தரலைங்க மேடம்."

"கேட்டு வாங்க வேண்டியதுதானே?"

"கேட்டேங்க. கான்ட்ராக்ட்டுக்குக் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க."

"அப்ப உங்க வகுப்பு மார்க்கெல்லாம் இத்தனை நாளா யாரு ஏத்தினது?"

கூடத்தில் திடீரென்று பலருக்கு இருமல் வந்தது. தாவரவியல் துறைத் தலைவர் தன் பேனாவைக் கழற்றி மறுபடி மாட்டினார். அன்புக்கரசி திரும்பிப் பார்த்தாள்.

"சார், சொல்லுங்க சார்."

சோமசுந்தரம் எழுந்து நின்றார். எழுந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார் அல்லவா, சொன்ன சொல் தவறாதவர். சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுத்தவருக்கு மெமோ என்று விதி இருக்கிறது. ஏசி ரூம் இருக்கிறது. சால்வை எதிரில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் ஒவ்வொரு பர்மனென்டும், 'நீ வாயைத் திறந்தால் நாங்களும் மாட்டுவோம்' என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை பேர் குடும்பத்தை நினைத்துப் பார்க்க வேண்டாமா? பொதுநலம் என்று ஒன்று இருக்கிறதே. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், இதை வெளிய சொல்ல வேண்டாம்னு நெனச்சேன். அன்புக்கரசி மேடம் நல்லா பாடம் நடத்துவாங்க. ஆனா கம்ப்யூட்டர்னா அவங்களுக்குக் கொஞ்சம் பயம். கூட வேலை செய்றவங்களுக்கு ஒரு கஷ்டம்னா நாம பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? அவங்க மார்க்கையும் சேர்த்து நானே ஏத்திட்டேன்."

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. முதல்வர் கைக்குட்டையை எடுத்தார். சால்வையைப் போர்த்தும்போது, "கர்ணன் சார் நீங்க," என்றார்.

அன்புக்கரசியின் கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கத் தேவையில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. பிறகு எல்லாருக்கும் வடையும் காபியும் வந்தன.

காபி குடித்து முடிக்கும்போது முதல்வர் ஒரு விஷயம் சொன்னார். விடுவிப்பு உத்தரவை அந்தந்தத் துறைத் தலைவர்தான் கணினி அமைப்பில் ஏற்ற வேண்டும். இன்றைக்கே ஏற்றியாக வேண்டும். சோமசுந்தரத்துக்கு வடை தொண்டையில் நின்றது. சால்வையோடு துறை அறைக்கு நடந்தார். அன்புக்கரசி டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். முத்தாண்டிக்குப்பம் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"கோவமாம்மா?" என்றார். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவருக்கு மனசு வலித்தது. இத்தனை நாள் சொந்தப் பெண்ணாட்டம் நடத்தியவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையே என்று.

"ஒரே ஒரு சின்ன வேலைம்மா. உன்னோட ரிலீவிங் ஆர்டர் ஏத்தணுமாம். எனக்கு எங்க அமுக்கணும்னே தெரியல. நீ போயிட்டா இங்க வேற யாரு இருக்கா, சொல்லு?"

அன்புக்கரசி பையைக் கீழே வைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். சம்பந்தி வீட்டு நம்பரைத் தட்டினாள். அவருடைய போன் துடித்தது. அவர் ஓடிபியைப் படித்தார். இந்த முறை குரல் கணீரென்று வரவில்லை.

"நீக்கம் செய்யக் காரணம்னு கேக்குது. என்னா போடட்டும் சார்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நீயே பாத்து நல்லபடியா எழுதிடும்மா. எப்பவும் நீதானே எழுதுவ."

'கணினி அறிவு போதவில்லை' என்று அவள் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்தாள். சமர்ப்பித்தாள். பையை எடுத்துக்கொண்டு, "வர்றேன் சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரையில் பச்சை எழுத்தில் வந்தது: 'பணி வெற்றிகரமாக முடிந்தது. நன்றி, பேராசிரியர் சோமசுந்தரம்.'

அந்தக் கணக்கில் அவர் பெயருக்கு ஏறியிருந்த எத்தனையோ வேலைகளில், உண்மையாகவே அவர் செய்தது இந்த நீக்கம் ஒன்றுதான்.