வெயில் ஆகாத மருந்து

மூன்றாவதாக நாயும் வெடித்தது.

வாலும் இரண்டு கால்களும் பறந்துபோய் ஜன்னல் திரையில் ஒட்டிக்கொண்டன. கோமாளி கையில் மிச்சமிருந்த காதுகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"காலையில ஒட்டகச்சிவிங்கி போச்சு, அப்புறம் வாத்து. இப்ப நாயா?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

"சிரிக்காதே. வீட்டுல வெடிச்சா தமாஷ். வெளியில வெடிச்சா பொழப்பே போச்சு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. போன வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில், விழா நாயகியின் தலையில் அவன் வைத்த பலூன் கிரீடம் வைத்த கணமே வெடித்தது. அந்தக் குழந்தை கேக் வெட்டும் வரை அழுதது. வெட்டிய பிறகும் அழுதது. நீள நீளமான பலூன்களை வாயாலேயே ஊதி, முறுக்கி, நிமிஷத்தில் ஒரு மிருகத்தைக் கையில் கொடுப்பதுதான் அவன் தொழில். இப்போது மிருகங்கள் பிறந்த நிமிஷத்திலேயே செத்துக்கொண்டிருந்தன.

விடுமுறை மாதம் முழுக்க ஒரு பெரிய கடைவளாகத்தில் தினமும் மாலை நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டிருந்தான். அதற்காக வரவழைத்த புதுப் பலூன் பெட்டி நேற்றுதான் வந்து இறங்கியிருந்தது. அதுவும் இப்படிக் கெட்டுப்போனால் அப்புறம் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான்.

பலூன் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டான். அவர் நிதானமாகப் பட்டியல் வாசித்தார்.

"வெயில் ஆகாது. வெளிச்சம் ஆகாது. காத்துப் படக்கூடாது, கறுப்புப் பையில இறுக்கிக் கட்டி வைங்க. எண்ணெய்க் கை ஆகாது. ஆரஞ்சுத் தோல் சாறு பட்டா அவ்வளவுதான். மோட்டார் ஓடுற இடத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்க. குளுகுளுன்னு இருட்டா ஒரு இடம், அது போதும்."

"ராஜா வீட்டுப் பிள்ளையைக்கூட இப்படித் தாங்க மாட்டாங்க" என்றாள் மனைவி.

குளுகுளுவென்று ஒரு இடத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? இருந்தது மொட்டை மாடிக்கு நேர் கீழே, மூன்றாம் தளம். மத்தியானம் செருப்பில்லாமல் நடந்தால் தானாகவே நடனம் வரும். ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றால் அதன் முதுகிலேயே மோட்டார். துணி அலமாரி இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

அந்தக் கட்டடத்திலேயே குளுமையான இடம் ஒன்றே ஒன்றுதான். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரின் சாமான் அறை. ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருக்கும்.

"அவர்கிட்டயா கேக்கப் போறீங்க?" மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "கூத்தாடி, பாட்டுக்காரன் யாருக்கும் வீடு குடுக்கிறதில்லைன்னு சொன்ன மனுஷன். முன்னாடி இருந்தவர் டிரம் வாசிக்கிறவர்னு தெரிஞ்ச அன்னிக்கே காலி பண்ண வெச்சிருக்கார். நாமளே ரப்பர் கம்பெனி வேலைன்னு சொல்லித்தான் உள்ள வந்திருக்கோம்."

"பலூனும் ரப்பர்தானே? பொய் இல்லையே."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனான். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அறையில் ஒரு மூலை வேண்டும் என்று இவன் கேட்டதும் அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பெட்டியில என்ன தம்பி?"

ரப்பர் சாமான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அவர், "ரப்பர் கிப்பர்னா வேணாம், நாத்தம் வரும்" என்றார்.

"மருந்துங்க" என்று சொல்லிவிட்டான்.

"இவ்வளவு மருந்தா? யாருக்கு?"

தனக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் நல்ல தேகக்கட்டோடு, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வீட்டுல அவளுக்குத்தாங்க."

வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. மருந்தை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்டார். அந்த ஒரு இடத்தில் மட்டும் கோமாளிக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெயில், வெளிச்சம், எண்ணெய், ஆரஞ்சு, மோட்டார், எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

"அடேயப்பா! மருந்தே இப்படின்னா வியாதி எப்படி இருக்கும்!" என்று அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் நம்ம தண்ணி மோட்டார். பரவாயில்ல, ஒரு உசுரா தண்ணியான்னு பார்த்தா உசுருதானே? காலையில பத்து நிமிஷம் போடுறேன், அதோட நிறுத்திடுறேன். சாவி என்கிட்டயே இருக்கட்டும். கண்டவங்க கதவைத் திறந்தா சூடு ஏறும். வேளாவேளைக்கு நானே எடுத்துத் தர்றேன்."

கோமாளி மாடியேறி வந்து, "இடம் கிடைச்சிடுச்சு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ மட்டும் கொஞ்சம் படுத்துக்கணும்" என்றான்.

மறுநாளே பலன் தெரிந்தது. கறுப்புப் பையிலிருந்து எடுத்த பலூன்கள் பட்டுப்போல வளைந்து கொடுத்தன. கடைவளாகத்தில் யானை, குதிரை, தும்பி என்று அவன் கையில் வரிசையாகப் பிறந்தன. ஒன்றுகூட வெடிக்கவில்லை.

வீட்டில்தான் வெடித்தது. மத்தியானம் குழாயில் தண்ணீர் நின்றதும், இரண்டாம் தளத்து வக்கீல் தலை நிறையச் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு படிக்கட்டில் நொண்டிக்கொண்டே வந்து நின்று கத்தினார்.

"யாரைக் கேட்டு மோட்டாரை நிறுத்துனீங்க? நோட்டீஸ் அனுப்புவேன்! ஒவ்வொரு வாளிக்கும் பதில் சொல்ல வெப்பேன்!"

கீழேயிருந்து வீட்டுக்காரர் அவரைக் கையைக் காட்டி அழைத்து உள்ளே கூட்டிப்போய் ஏதோ பேசினார். அடுத்த நாள் வக்கீல் கோமாளியைப் படிக்கட்டில் பார்த்தபோது சாதுவாகச் சிரித்தார்.

"ஏன் தம்பி, அது எந்த ஊரு மருந்து?"

"வெளிநாட்டு மருந்துங்க."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனார்.

மனைவிதான் பாவம். படுத்தே கிடந்து அறியாதவள். வீட்டுக்கார அம்மா வேளைக்கொரு கிண்ணம் உப்பில்லாத சூப்போடு வந்து, தலையைத் தடவி, கடைசிச் சொட்டு வரை குடிக்க வைத்துவிட்டுத்தான் போவார்.

"இன்னும் ஒரு கிண்ணம் உள்ள போச்சுன்னா எனக்கு நெஜமாவே வியாதி வந்துடும்" என்றாள் அவள். "பேசாம உண்மையைச் சொல்லிடலாங்க."

"ஒரு மாசம் பொறுத்துக்கோ. விடுமுறை முடிஞ்சதும் நீ குணமாயிடு."

நாலாம் நாள் சமையல் கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் கொண்டுவந்தவன் அதைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். கணவன் வெளியே போயிருந்தான். அவள் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை. கீழே இறங்கி, சிலிண்டரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டைச் சீட்டியடித்தபடி ஏறினாள். இரண்டாவது திருப்பத்தில் சூப்புக் கிண்ணத்தோடு வீட்டுக்கார அம்மா.

கிண்ணம் கீழே விழுந்தது.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்த கோமாளி நிலைமையைப் பார்த்தான். சமாளிக்கிறேன் பேர்வழி என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "வியாதியே இதுதாங்க! திடீர்னு இப்படி அசுரபலம் வரும். அப்புறம் அப்படியே துவண்டு போயிடுவா."

மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிலிண்டரை மெதுவாக இறக்கி வைத்து, வேறு வழியில்லாமல் படியிலேயே துவண்டு சாய்ந்தாள்.

வீட்டுக்கார அம்மாவின் கண்கள் குளமாகிவிட்டன. "அணையப் போற விளக்குதான் பிரகாசமா எரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே போனார்.

கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. கோமாளியின் போன் அடித்தது. புது எண். தொழில் அழைப்பு என்று நினைத்து, மேடைக்காகவே வைத்திருக்கும் கரகரத்த குரலில், "வணக்கம்! சிரிப்பு இலவசம், கோமாளி பேசுறேன்!" என்றான்.

"தம்பி, நீங்க பலூன்ல பொம்மை பண்ற கோமாளிதானே? பேப்பர் கடையில உங்க அட்டையைப் பார்த்தேன்."

அந்தக் குரல் போனிலும் கேட்டது, படிக்கட்டு வழியாகவும் கேட்டது. வீட்டுக்கார அம்மா!

"எங்க வீட்டு மாடியில ஒரு பொண்ணு இருக்கு. எம் பொண்ணு மாதிரி. சின்ன வயசு, என்ன வியாதின்னே புரியல. நாளைக்குச் சாயங்காலம் வந்து ஒரு தடவை சிரிக்க வெச்சுட்டுப் போங்க."

"நாளைக்கு முடியாதுங்களே. அடுத்த மாசம் வேணா..."

"அடுத்த மாசமா!" இரண்டு பக்கமும் விம்மல் கேட்டது. "அந்தப் பொண்ணுக்கு அடுத்த வாரமே இருக்கான்னு தெரியல தம்பி!"

அதற்கு மேல் எந்தக் கோமாளியால் முடியாது என்று சொல்ல முடியும்? ஒப்புக்கொண்டான்.

"என்னைச் சிரிக்க வைக்க உங்களையே கூப்பிட்டிருக்காங்களா?" என்று மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். கதவு வழியாகப் பார்த்த யாருக்கும் அது அழுகை மாதிரிதான் தெரிந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் கோமாளி கீழே போனான். கடைவளாகத்தில் ஒருநாள் விடுப்புச் சொல்லியாயிற்று. கைவசம் ஒரு பலூன்கூட இல்லை.

"ஒரு பாக்கெட் மருந்து வேணுங்க."

வீட்டுக்காரர் உள்ளே போய், வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கறுப்புப் பாக்கெட்டோடு வந்தார். அதைக் கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது.

"மருந்தைக் கொஞ்சம் சிக்கனமா செலவு பண்ணுங்க தம்பி" என்றார்.

இவனுக்கு இருந்த பதற்றத்தில் அது காதில் சரியாக விழவில்லை. கம்பெனியில் அவசர வேலை, விடவே மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிக் கிளம்பினான். தெருமுனைக் கழிவறையில் முகத்துக்கு வெள்ளை பூசி, சிவப்பு மூக்கை மாட்டி, பொய்முடி வைத்துக்கொண்டு ஐந்து மணிக்குத் தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்து சேர்ந்தான்.

வீட்டுக்காரரே கீழேயிருந்து இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தார். பக்கத்தில் வீட்டுக்கார அம்மா, அவருக்குப் பக்கத்தில் வக்கீல். கட்டிலில் கழுத்து வரை போர்வையோடு மனைவி.

"வாங்க கோமாளித் தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா. "இவதான் அந்தப் பொண்ணு."

"வணக்கம் மகாராணி!" என்று கோமாளி அதே கரகரத்த மேடைக் குரலில் சொல்லி, தலை தரையில் படக் குனிந்தான். மகாராணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவ வீட்டுக்காரன் எங்க?" என்று கேட்டார் வக்கீல்.

"வேலைக்குப் போயிட்டானாம்!" வீட்டுக்கார அம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "பொண்டாட்டி இந்த நிலைமையில கிடக்கா. ஒருநாள் லீவு போட மனசு வரலையே அந்தக் கல்நெஞ்சக்காரனுக்கு! நேத்து சிலிண்டரை இவ தூக்கிட்டு வர்றா, அவன் வெறுங்கையை வீசிக்கிட்டு நிக்கிறான். நீங்களே சொல்லுங்க தம்பி, அவனெல்லாம் மனுஷனா?"

"ரொம்ப மோசமான ஆளுங்க" என்றான் கோமாளி.

"கையில கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"நாலு அறை விடுவேங்க" என்று தன் கன்னத்தில் தானே பளார் பளார் என்று போட்டுக்கொண்டான்.

அவ்வளவுதான். மனைவி போர்வையை உதறிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐந்து நாள் அடக்கி வைத்த சிரிப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டியது, கட்டில் கிறீச்சிட்டது.

"சிரிக்கிறா! சிரிக்கிறா!" என்று வீட்டுக்கார அம்மா கையைத் தட்டினார். கூத்து என்றாலே ஆகாத வீட்டுக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இன்னும் ஏதாவது பண்ணுங்க தம்பி, நிறுத்தாதீங்க" என்று கெஞ்சினார்.

கோமாளிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நல்ல மனுஷர்களிடமா பொய் சொன்னோம்? இவர்களுக்காக இதுவரை யாருக்கும் செய்யாத ஒரு மயிலைச் செய்துகாட்டுவது, தோகை விரித்ததும் மூக்கைக் கழற்றிவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தான். மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். கறுப்புப் பாக்கெட்டைப் பிரித்தான். நீளமான பச்சைப் பலூன் ஒன்றை உருவி, ஒரு இழு இழுத்துவிட்டு, உதட்டில் வைத்துக் கன்னம் புடைக்க ஊதினான்.

"ஐயையோ!" என்று வீட்டுக்காரர் அலறிக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மனைவியின் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

எல்லாருக்கும் முன்னால் பாய்ந்து வந்தவர் வக்கீல்தான். கோமாளியின் வாயிலிருந்து பலூனைப் பிடுங்கினார். பிறகு தன் கால்சட்டையை முட்டிக்கு மேல் சரசரவென்று சுருட்டிக் காட்டினார். அங்கே அதே மாதிரி ஒரு நீளப் பச்சைப் பலூன், இரண்டு சுற்றுச் சுற்றி, அழகாகப் பூமுடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

"யோவ், விவரம் தெரியாத ஆளா இருக்கியே! இது வாயில வைக்கிற மருந்து இல்லய்யா, முட்டியில கட்டுற மருந்து!"