யானையை வண்டலூருக்கு அனுப்பிய பட்டன்

ஒரு மென்பொருளை நிறுவியதும் அதன் செட்டிங்ஸ் பக்கத்தை வரி விடாமல் படிப்பவர்கள் எங்காவது இருக்கலாம். நான் "ஓகே, ஓகே" என்று அழுத்திக்கொண்டே போகிற ரகம். அதற்கான தண்டனையை மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு காலை வேளையில் அனுபவித்தேன்.

பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் தொழில். அப்போது வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டில் இருந்தது. (குளியலறையில் வழுக்கி விழுந்ததுதான். வெளியில் பைக் விபத்து என்று சொல்லி வைத்திருந்தேன்.) இடது கையால் ஒரு வரி அடிப்பதற்குள் எழுத வந்ததே மறந்துவிடும். அதனால், நாம் பேசினால் எழுதுகிற ஒரு குரல் மென்பொருளைப் போட்டேன். "அனுப்பு" என்று சொன்னால் திறந்திருக்கும் செய்தி போய்விடும்படி நானே கட்டளையும் அமைத்தேன்.

அது எப்போது கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு ஷார்ட்கட் வைக்க வேண்டும். கீபோர்டில் வைக்கலாம், ஜாய்ஸ்டிக் இருந்தால் அதிலும் வைக்கலாம் என்றிருந்தது. கல்லூரிக் காலத்தில் நான் விமானம் ஓட்டி விளையாடிய ஜாய்ஸ்டிக் அலமாரியில் கிடந்தது. விடுவேனா? துடைத்து எடுத்து, அதன் கட்டைவிரல் பட்டனுக்கு இந்த உத்தியோகத்தைக் கொடுத்தேன். பிடித்திருக்கும்வரை கேட்கும், விட்டால் காதை மூடிக்கொள்ளும் என்று நம்பினேன். 'ஒருமுறை அழுத்தினால் தொடங்கும், மறுமுறை அழுத்தினால் நிற்கும்' என்ற வரிக்கு நேராக டிக் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

வாலாஜாபாத் கலாவதி அம்மா, தன் மகள் திவ்யாவின் முகூர்த்தப் புடவைக்கு டிசைன் கேட்டிருந்தார். பார்டரில் மயில், அன்னம், யானை, யாளி எல்லாம் வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தக் குடும்பத்தில் வரிசையாக நான்கு கல்யாணங்கள் காத்திருந்தன. இந்த ஒரு புடவை பிடித்துப்போனால் நான்கும் என்னிடம்தான்.

அம்மா, மகள், நான் மூவரும் இருக்கும் குரூப்பைத் திறந்தேன். பட்டனைப் பிடித்துக்கொண்டு, விமானியின் கம்பீரத்தோடு, "வணக்கம் அம்மா, நீங்கள் சொன்னபடியே மிக அழகாக வந்திருக்கிறது, அனுப்பு" என்றேன். போனது. பட்டனை விட்டேன். என் மனைவி ஷாஹிதா டீயோடு வந்தாள். திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன்.

"டிசைன் முடிஞ்சுதாங்க?"

"எங்க முடியிறது? மயிலு அன்னத்தை மிதிச்சுக்கினு நிக்குது. புடவையா இது? ஜூ! அந்தப் பொண்ணு பாவம். வீடியோ கால்ல நாலு தடவ வாயத் தொறந்துது, அம்மா பேசவே வுடல. அதுக்குச் சின்னக் கட்டம் போட்ட புடவைதான் புடிச்சிருக்குது, மூஞ்சிலயே தெரியுது."

"அத அவங்ககிட்ட சொல்றதுதானே?"

"சொல்லிட்டு? நாலு கல்யாணமும் போயிடும். நீ வேணா அந்த யானையையாவது வண்டலூர் ஜூவுக்கு அனுப்பு!"

பின்னால் 'டிங்' என்றது.

திரும்பினேன். நாங்கள் இருவரும் பேசியது முழுவதும் ஒரே பத்தியாக, ஒரு பிழைகூட இல்லாமல் குரூப்பில் நின்றது. (சற்று முன்பு 'வணக்கம் அம்மா'வை 'வணக்கம் ஆமா' என்று எழுதிய அதே மென்பொருள்!)

"அழி! அழி! யா அல்லாஹ்!" என்று கத்தினேன். அதையும் எழுதிக்கொண்டது.

"ஏங்க, 'அனுப்பு'ன்னு சொன்னாலே போயிடுமா?" என்றாள் ஷாஹிதா அப்பாவியாக. அதுவும் போயிற்று.

இரண்டு செய்திகளையும் அவர்கள் பார்த்துவிட்டதாகத் திரை காட்டியது. ஷாஹிதா ஜாய்ஸ்டிக்கின் ஒயரைப் பிடுங்கினாள். போன் அடித்தது. கலாவதி அம்மா.

"பாய்..." என்றார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, அந்த மெஷினு..."

"மெஷின வுடுங்க பாய். இந்தப் பொண்ணு இங்க அழுதுக்கினே சிரிக்குது. கட்டம்தான் வேணுமாம். பத்து நாளா சொல்றாளாம், எனக்குத்தான் காதுல வுழல." பின்னாலிருந்து "தேங்க்ஸ் அண்ணா!" என்று திவ்யா கத்துவது கேட்டது. "கட்டமே போடுங்க. எனக்காக ஒரே ஒரு மயிலு மட்டும் வையுங்க. அது யாரையும் மிதிக்காம பாத்துக்கோங்க."

போனை வைத்ததும் நாற்காலியில் அப்படியே சரிந்தேன். போன உயிர் கால் வழியாகத் திரும்பி ஏறுவது போலிருந்தது. அன்று மாலை, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு செட்டிங்ஸ் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன்.

திவ்யா கல்யாணத்தில் கலாவதி அம்மா என்னைச் சம்பந்தி வீட்டாரிடம் இழுத்துக்கொண்டு போய், "எங்க புடவையப் பாத்து ஜூன்னு சொன்ன பாய் இவருதான்" என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார். மற்ற மூன்று கல்யாணங்களுக்கும் நான்தான் டிசைன் போட்டேன். அந்தச் சம்பந்தி வீட்டிலிருந்தும் இப்போது ஆர்டர் வருகிறது. போனை எடுத்தால், "ஹலோ, ஜூ பாய்ங்களா?" என்கிறார்கள்.

"ஆமா, சொல்லுங்க" என்கிறேன்.