யூரியா பையில் வந்த ஆதிக் காற்று

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேள்வி கேளுங்கள், கேள்வி கேளுங்கள் என்று வருடம் முழுக்கத் தொண்டை கிழியச் சொல்வோம். யாராவது நிஜமாகவே கேட்டுவிட்டால் முகம் சுருங்கிவிடும். எனக்கு அந்த வியாதி முற்றி வெடித்தது எண்பதுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கையில். இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது. எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லாத பண்டிகை கிடையாது. ஆனால் அவர்கள் சொல்லும்போது ஒரே ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள் (என் மேல் இரக்கம்). நான் அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கடத்தூர்க்காரன். தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் வாத்தியாராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில் சாலா என்கிற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. அவர்கள் பக்கமிருந்துதான் பதில் வரவில்லை. "பொண்ணு யோசிச்சுச் சொல்றேன்னுதுங்க" என்று அவள் அப்பா சொல்லி அனுப்பினார். பெண்ணாவது, யோசிப்பதாவது என்று என் வீட்டில் முணுமுணுத்தார்கள்.

சரி, யோசிக்கிற பெண்ணுக்கு என் பெருமையைப் பற்றி யோசிக்க ஏதாவது கொடுப்போம் என்று தீர்மானித்தேன். பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. மற்ற வாத்தியார்கள் களிமண் எரிமலையும் அட்டைக் காற்றாலையும் செய்தார்கள். நான் உயிரையே கையில் எடுத்தேன்.

பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் வரும் விஷயம்தான். ஆதியில் பூமியில் உயிர் கிடையாது. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி, இவ்வளவுதான் காற்று. அதில் மின்னல் அடித்து அடித்து, உயிருக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் தாமாகவே உண்டாகியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. அமெரிக்காவில் ஒருவர் அதே காற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, ஒரு வாரம் மின்பொறி விட்டு, அமினோ அமிலம் எடுத்தும் காட்டிவிட்டார். உயிர் வரவில்லை. வீடு கட்டச் செங்கல் வந்த மாதிரி, அவ்வளவுதான். (வகுப்பில் இந்த வித்தியாசத்தைச் சரியாகச் சொல்வேன். பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு மறந்துபோயிற்று.)

குடுவையும் அம்மோனியாவும் வேதியியல் அறையில் கிடைத்தன. ஹைட்ரஜனைத் துத்தநாகத்தில் அமிலம் ஊற்றிப் பிடித்துக்கொள்ளலாம். பொறி விடும் சுருள் இயற்பியல் அறையில் தூசி படிந்து கிடந்தது. மீத்தேனுக்கு எங்கே போவது? அப்போதுதான் சாலா வீட்டுக் கோபர் கேஸ் ஞாபகம் வந்தது.

அவள் அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. பெண் பார்க்கப் போன அன்று பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால் அதைத்தான் காட்டினார். தொட்டியில் சாணியைக் கரைத்து விட்டால் உள்ளே புளித்து வாயு உண்டாகும். மேலே கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம் மெல்ல எழும்பும். அங்கிருந்து குழாய் நேரே அடுப்புக்கு. அந்த வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன்.

"ஸ்கூல் வேலைக்குங்க" என்று மட்டும் சொன்னேன். மனிதர் மறுபேச்சில்லாமல் குழாயைத் திறந்துவிட்டார். யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பைகள் நான்கை நிரப்பிக்கொண்டேன். டிரம் கண்ணெதிரே இறங்கியது. சாலா சமையலறை வாசலில் நின்று டிரம்மைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். என்னை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். உப்பிய பைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தருமபுரி வரை மிதித்தேன். வழியில் இரண்டு பேர் பஞ்சு மிட்டாய் கேட்டார்கள்.

ஒரு வாரம் பொறி விட்டேன். கரண்ட் போன நேரமெல்லாம் பூமியில் மின்னல் ஓய்ந்திருந்ததாக வைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் குடுவைத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (மின்முனையாக நான் வைத்திருந்தது இரண்டு இரும்பு ஆணிகள். துரு என்றொரு பொருள் உலகத்தில் இருப்பது அந்த வாரம் எனக்கு நினைவில்லை.)

கண்காட்சிக்குச் சாலா குடும்பத்தையும் அழைத்திருந்தேன். வந்தார்கள். அப்பா கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில், பக்கத்தில் அம்மா, அவருக்குப் பக்கத்தில் சாலா, எல்லோரும் என் மேசைக்கு நேர் முன்னால். மேசை மேல் 'உயிரற்றதிலிருந்து உயிர்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தேன். பொறி பறக்கும் குடுவையைக் காட்டி, "உயிருள்ள எதற்கும் இதில் சம்பந்தம் கிடையாது. இது பூமியின் ஆதிக் காற்று" என்று முழங்கினேன். கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றும் சொன்னேன். என் வாய் சும்மா இருக்குமா?

கார்க் ஓரமாகக் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது. சாலா மூக்கைச் சுளித்தாள்.

"ஏனுங்க, இது எங்க வூட்டு கேஸுதானுங்களே?"

ஆமாம், அதில் இருப்பது மீத்தேன் என்றேன்.

"அது சாணியில இருந்து வந்துச்சு. சாணி மாடு போட்டுச்சு. உசுரே சம்பந்தம் இல்லைங்கிறீங்களே, அப்ப மாடு எங்கீங்க?"

அவள் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே யோசித்துக் கேட்டாள். அதற்கு நேர்மையான பதிலும் உண்டு. ஆமாம், இந்த மீத்தேன் மாட்டுச் சாணியில் நுண்ணுயிர்கள் செய்தது, ஆதியில் எரிமலையிலிருந்தோ பாறையிலிருந்தோ வந்திருக்கலாம், பொருள் ஒன்றுதான், ஆனால் நான் சம்பந்தமே இல்லை என்று சொன்னது தப்பு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான் சொன்னது இது:

"பத்தாவதோட நின்னவங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க. அடுப்பைப் பாத்துக்கிட்டாப் போதும்."

வீட்டில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சாலா சிரிக்கவில்லை, தலையும் குனியவில்லை. குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

பேச்சை மாற்ற, அந்தப் பழுப்புத் தண்ணீரை எல்லோருக்கும் காட்டுகிறேன் பேர்வழி என்று கார்க்கைப் பிடுங்கினேன். சுருளை நிறுத்தவில்லை. உள்ளே வெளிக் காற்று புகுந்தது, பொறி பட்டது, 'பக்'கென்று நீலமாக ஒரு ஜுவாலை எழுந்து என் மீசையின் இடது பாதியை எடுத்துக்கொண்டு போயிற்று. நான் குடுவையைக் கட்டிப்பிடித்தபடி நின்றுவிட்டேன். ஓடி வந்து சுவிட்சை அணைத்தது சாலாதான். அடுப்பைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

மறுநாள் காலை மீதி மீசையையும் மழித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா உட்காரச் சொல்லவில்லை. பின்பக்கம் கையைக் காட்டினார். சாலா தொட்டியில் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசியது தப்பு என்றேன். எரிமலை, பாறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை அங்கயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றாள். அப்புறம் ஒரு கட்டியை நசுக்கிக்கொண்டே, "நீங்க கேஸ் புடிச்சிட்டுப் போனப்புறம் ரெண்டு நாளு வெறகு அடுப்புலதானுங்க களி கெளறுனேன். டிரம் எறங்குனதைப் பாத்தீங்க. எப்படிச் சமைப்பீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே."

அவமானம் என்றால் மீசை எரிவது என்று அதுவரை நினைத்திருந்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கைவிட்டேன். (வாட்ச்சைக் கழற்றவில்லை. அது அன்றோடு நின்றது.) ஒரு கட்டியைக்கூட ஒழுங்காகக் கரைக்க வரவில்லை. அவள் தடுக்கவும் இல்லை, போதும் என்று சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை பிரேயரில் மாணவர்களிடம், அந்தக் கேள்வி சரி, நான் சொன்ன பதில்தான் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். அந்தச் செய்தி நல்லம்பள்ளி வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் பெண் யோசித்து முடித்தாள்.

கல்யாணப் போட்டோவில் எனக்கு மீசை இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. கொல்லைப் பாகல் என் கைராசி என்பேன், "மாடு எங்கீங்க?" என்பாள், தண்ணீர் ஊற்றியவள். மகள் மார்க் வாங்கியது என் மூளை என்பேன், மகளே கேட்பாள்.

சில வருடம் முன் பணி ஓய்வு விழா. மாலையைப் போட்டதும் மைக்கைப் பிடித்தேன். "ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, யார் உதவியும் இல்லாமல், தனி ஆளாக இவ்வளவு தூரம் வந்தேன்" என்றேன். முதல் வரிசையிலிருந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தெரிந்த குரல் வந்தது.

"மாடு எங்கீங்க?"

இந்தத் தடவை விடக் கூடாது, அவளுக்குச் சேர வேண்டியதைச் சபையில் சேர்த்துவிட வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டி, மைக்கிலேயே சொன்னேன்:

"இதோ, முன்னாடி உக்காந்திருக்குதுங்க."

சபை அதிர்ந்து சிரித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் மூன்று நாள் எங்கள் வீட்டில் களி கிளறியது நான்.