சிகரெட் சூடு பட்ட கிட்டார்

"இந்தக் கிட்டாருக்கு அப்பா யாரு, தாத்தா யாரு, எல்லாம் எனக்கு எழுத்துல வேணும்" என்றார் மியூசியம் டைரக்டர். "அடுத்த வெள்ளிக்கிழமை ராக் மன்னரோட மனைவி வந்து திறந்து வைக்கிறாங்க. ஒழுங்கா முடிச்சீங்கன்னா, அன்னிக்கே உங்க பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து."

குமாஸ்தா பதினோரு வருடமாகத் தற்காலிகம். அந்த ஆர்டர் இதுவரை நான்கு முறை டைரக்டர் மேஜை வரை போய், பேனாவில் மை இல்லாததால் திரும்பி வந்திருந்தது.

காலமான ராக் மன்னரின் கிட்டாரை அறியாதவர் இல்லை. சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார், ஓரத்தில் ஒரு சிகரெட் சூடு. பாட்டின் நடுவே அதை ஒரே கையால் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றுவார். ரசிகர்கள் மயங்கி விழுவார்கள். அதை மியூசியத்துக்குக் கொடுத்தவர் ஒரு பல் டாக்டர்.

"ஒரு லாரி டிரைவர் குடுத்தாரு. கடைவாய்ப் பல்ல வலிக்காமப் பிடுங்கினேன்னு சந்தோஷம்" என்றார் அவர்.

லாரி டிரைவரைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் ஆயிற்று.

"ராக் மன்னர் செத்தப்புறம் அந்தம்மா வீடு மாத்தினாங்க. நான்தான் சாமான் ஏத்தினேன். அவங்க தம்பி இதைக் கொண்டாந்து, 'எங்கயாவது தூக்கிப் போட்டுடுங்க'ன்னாரு."

குமாஸ்தா அந்தத் தம்பிக்குப் போன் போட்டார்.

"எனக்கு கிட்டாரைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்று தம்பி போனை வைத்துவிட்டார்.

அறிக்கையைப் படித்த டைரக்டருக்கு முகம் சுருங்கியது. "தூக்கிப் போடச் சொன்னாங்களா? இதைப் போய் போர்டுல எழுத முடியுமா? பேப்பர்ல விளம்பரம் குடுங்க. வேற நல்ல சரித்திரமா ஏதாவது கிடைக்குதான்னு பாப்போம்."

கிடைத்தது. புதன்கிழமை காலை வாசலில் நான்கு பேர், நான்கு சிவப்புக் கிட்டார். நான்கிலும் சிகரெட் சூடு. ஒன்றில் பெயின்ட் கையில் ஒட்டியது. நால்வரில் ஒருவரான தையல்கடைக்காரர் கொண்டுவந்ததில் புகை வாசனைகூடப் போகவில்லை. ராக் மன்னரே தன் கையில் கொடுத்ததாக ஆளுக்கொரு தேதி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் ஒரு தேதி, மன்னர் இறந்து இரண்டு மாதம் கழித்து.

"ஒண்ணு இருந்தது அஞ்சாச்சு! யாரைக் கேட்டு விளம்பரம் குடுத்தீங்க?" என்று டைரக்டர் கத்தினார்.

'உங்களைத்தான்' என்று சொல்ல குமாஸ்தா என்ன பர்மனென்ட் ஊழியரா? "எல்லாத்தையும் ஸ்பீக்கர்ல மாட்டிப் பாப்போம் சார். அசல் எதுன்னு சத்தத்துலயே தெரிஞ்சிடும்" என்றார்.

நான்கும் அலறின. தையல்கடைக்காரரின் கிட்டார் போட்ட கூச்சலில் கண்ணாடி அலமாரியே அதிர்ந்தது. பல் டாக்டர் கொடுத்தது மட்டும் வாயைத் திறக்கவில்லை. பின்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு வயர்கூட இல்லை. தூக்கினால் காய்ந்த சுரைக்குடுக்கை கனம்தான்.

"பொம்மை! பல்லைப் பிடுங்கறவரு நம்ம மானத்தையும் பிடுங்கப் பாத்தாரே!"

அதிகச் சத்தம் போடுவதே அசல் என்று தீர்ப்பாயிற்று. அந்த அலுவலகத்தில் பதவி உயர்வுக்கும் அதே விதிதான்.

பொம்மையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னதும் பல் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு வேணாம். என்னவோ பண்ணித் தொலைங்க" என்றார்.

வியாழக்கிழமை அடுத்த தலைவலி. 'அசலை' நிறுத்த ஸ்டாண்டு இல்லை, கடையில் வாங்க நேரமும் இல்லை. மியூசியம் தச்சர் மூலையில் கிடந்த பொம்மையைத் தட்டிப் பார்த்தார். "பலகை நல்லாத்தான் இருக்கு. அறுத்துடவா?"

"அறுங்க" என்றார் குமாஸ்தா. பதினோரு வருடத்தில் யாரையும் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு அது.

ஸ்டாண்டு கச்சிதமாக அமைந்தது. சூடு பட்ட துண்டு முன்பக்கம் வந்தது. அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று தச்சர் விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை ராக் மன்னரின் மனைவி திரையை விலக்கினார். தையல்கடைக்காரர் தானே தைத்த கோட்டில் முதல் வரிசையில் வீற்றிருந்தார். போர்டில் அவருடைய சரித்திரம் பெரிய எழுத்தில் மின்னியது. குமாஸ்தா சுவிட்சைப் போட்டுக் கம்பியை ஒரு இழுப்பு இழுத்தார். கூடமே அதிர்ந்தது, கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. மேடை ஓரத்தில் டைரக்டர் ஆர்டரை விரித்துப் பேனாவைத் திறந்தார். மை இருந்தது! குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றிருந்த தம்பி, மெல்ல முன்னால் வந்தார். கிட்டாரைப் பார்க்கவே இல்லை. குனிந்து, ஸ்டாண்டில் இருந்த சூட்டை விரலால் தடவினார்.

"என்ன சார், கிட்டாரைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னீங்க?" என்று குமாஸ்தா உற்சாகமாகக் கேட்டார். டைரக்டரும் பேனாவைக் காகிதத்தில் வைக்கப் போனவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்.

"மேல இருக்கறது யாரோடதுன்னு தெரியாது சார். கீழ அறுத்து வெச்சிருக்கீங்களே, அதுதான் அத்தானோடது. அவருக்கு அதைத் தூக்கிச் சுத்தத்தான் தெரியும். முப்பது வருஷமா திரைக்குப் பின்னால உக்காந்து வாசிச்சது நான்."