குத்தூஸ் பாயின் பேஸ் கிட்டார்

"சாயங்காலம் ஹபீபுன்னிசாக்கா வாராங்களாமா. பாயோட கிட்டாரை ஒருக்காத் தொட்டுப் பார்க்கோணுமாம்" என்று மனைவி மதிவதனி சொன்னதும், கதிரேசனுக்கு வாயிலிருந்த இட்லி இறங்கவில்லை.

"இன்னைக்கேவா?"

"ஊட்டைக் காலி பண்ணிட்டுப் பாலக்காட்டுக்கே போறாங்களாமுங்க. இனி எப்ப வரப்போறாங்க?"

ஹபீபுன்னிசாவின் கணவர் அப்துல் குத்தூஸ் பாய் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மெல்லிசைக் குழுவில் கூடவே வாசித்த கதிரேசனிடம்தான் அந்தப் பழைய பேஸ் கிட்டாரை விட்டுப்போனார். விரல் வைக்க இடம் காட்டும் ஃப்ரெட் கம்பிகளே இல்லாத, வழவழத்த கழுத்து. "கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்குதப்பா. ஒரு திருகாணியக்கூட மாத்திப்போடாதே." ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

கதிரேசன் திருகாணியை மட்டும்தான் மாற்றவில்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் புதுசு, கம்பியின் ஒலியை வாங்கும் பிக்கப் புதுசு, கழுத்தின்மேல் கண்ணாடி மாதிரி வார்னிஷ்.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடப் பார்த்தான். பழைய குமிழ்களில் ஒன்றுதான் தேறியது. அதை எடுத்துக்கொண்டு கணபதி ஏரியாவில் ஐயாசாமியின் லேத் பட்டறைக்கு ஓடினான். ஐயாசாமி அச்சு அசலாக இன்னொன்று கடைந்து கொடுத்தார். ஆனால் துளை இறுக்கம். சுத்தியலால் மெல்லத் தட்டினான். குமிழ் ஏறிவிட்டது, கிட்டாரின் முகப்புத் தகடு குறுக்கே விரிசல் விட்டுவிட்டது.

"சும்மா உட்டிருக்கலாமுல்லங்க?" என்றாள் மதிவதனி.

"இந்த வார்னிஷை மட்டும் எடுத்துப்போடறேன், இரு."

உப்புத்தாளால் கழுத்தைத் தேய்த்தான். வார்னிஷ் போயிற்று. தேய்க்கத் தேய்க்க, கழுத்தின் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு... எண்ணிப் பார்த்தால் இருபது.

"ஐயோ, இத்தனையும் நானா கீறிப்போட்டேன்?"

பதறி, மரக் கீறலுக்குப் பூசும் மக்குப் பசையால் அடைத்தான். கழுத்து வரிக்குதிரை ஆயிற்று. அதை மறைக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்தான். காய வைக்க ஃபேனைப் போட்டால், கரண்ட் இல்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஹபீபுன்னிசா மகள் ரம்லாவின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தார். கிட்டாரை மடியில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, அதன் கழுத்தை மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார். கண் திறந்தபோது ஐந்து விரலும் கறுப்பு.

கதிரேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, பாய் வெச்சிருந்தபடி இல்லீங்க. அவரு பேச்சையும் மீறி, எல்லாத்தையும் நாசம் பண்ணிப்போட்டேனுங்க." விசும்பினான். ஹபீபுன்னிசா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரம்லாதான் குனிந்து கைக்குட்டையை நீட்டினாள்.

"எந்திரிங்க மாமா. இதை வாங்கியாந்த அன்னைக்கு, இருந்த இருபது ஃப்ரெட் கம்பியையும் குறடு வெச்சுப் புடுங்கிப்போட்டு, எங்கத்தாவும் இப்படித்தானுங்க தரையில உக்காந்து அழுதாரு."